ஏரும் இல்லை, தறியும் இல்லை

போன வாரம் நித்யா போன் பண்ணினாள். கோர்ட்டில் மொழிபெயர்ப்புப் பிரிவில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். எடுத்ததுமே சிரிப்பு.

“அக்கா, புதுசா ஒரு மெஷின் குடுத்துருக்காங்கல்ல, இங்கிலீஷைப் போட்டா தமிழைத் துப்புமே, அது ‘ஏர்லூம்’ங்கிறதுக்கு ‘வாரிசுத் தறி’ன்னு போடுதுக்கா! ஒங்க காலத்துலயும் இப்படி ஒரு கூத்து நடந்துச்சாமே, சொல்லுங்களேன்.”

‘ஒங்க காலம்’ என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தவளுக்குக் காலமே முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் கேட்டது நல்ல கேள்வி. அந்த மெஷினாவது பாதி சரியாகப் போட்டிருக்கிறது. ‘ஏர்’ என்றால் வாரிசு, அது சரி. ‘லூம்’ என்றால் இன்றைக்குத் தறி. இரண்டையும் ஒட்டினால் மட்டும் தறி கிடையாது. ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் பொருள். நான் பார்த்த கூத்தில் அந்தப் பாதிகூடச் சரியாக இல்லை.

போனில் சொல்லி முடிகிற கதையில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் இலுப்பூர்ப் பக்கம். நிலக்கடலை பயிர் போடுகிற குடும்பம். பி.ஏ. ஆங்கிலம் முடித்து, டைப்பிங் பாஸ் பண்ணி, கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். தட்டினேன், திட்டு வாங்கினேன், துறைத் தேர்வு எழுதினேன், மொழிபெயர்ப்பாளர் ஆனேன். அந்த வருஷங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது எங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளர் கோவிந்தராஜன் சாரைப் பற்றி.

சாருக்குக் கோபம் வந்தால் டீ வாங்கித் தருவார். நிஜமாகத்தான். மற்ற பிரிவுகளில் மேலதிகாரி கத்துவார், ஃபைலை வீசுவார். எங்கள் பிரிவில் உங்கள் மேஜைக்கு மட்டும் ஒரு டீ வந்து உட்கார்ந்தால், ஐயோ, தொலைந்தோம் என்று அர்த்தம். டீயைக் குடித்து முடிக்கும்வரை எதுவும் பேச மாட்டார். ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு உங்கள் தாளைப் படித்துக்கொண்டிருப்பார். அந்த டீ தொண்டையில் இறங்காது. திட்டு வாங்கியிருந்தால் பத்து நிமிஷத்தில் மறந்திருப்பேன்.

எனக்கு முதல் டீ வந்தது ‘இஷ்யூ’வால். ஒரு பழைய தீர்ப்பில் இன்னார் ‘இஷ்யூ’ இல்லாமல் இறந்தார் என்று இருந்தது. நான் ‘பிரச்சினை ஏதுமின்றி இறந்தார்’ என்று எழுதிவிட்டேன். நிம்மதியாகப் போய்ச் சேர்ந்த மனுஷன் என்று எனக்கு மனசுக்குள் திருப்தி வேறு. சார் டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடித்த பிறகு, “அம்மா, பாவம் அந்த மனுஷருக்குப் புள்ளை இல்லைங்க. அதுதான் அவருக்கு ஒரே பிரச்சினை” என்றார். பிரிவே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. வயதில் எவ்வளவு சின்னவளாக இருந்தாலும் ‘அம்மா’தான், ‘நீங்க’தான். ஒருமையில் அவர் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவர் வைத்திருந்த முறை இது. ஒருவர் ஆங்கிலத்தைச் சத்தமாகப் படிப்பார். இன்னொருவர் தமிழைப் பார்த்துக்கொண்டே வருவார். எல்லா இடத்திலும் இவ்வளவு செய்வார்கள். சார் இதற்கு மேல் ஒன்று செய்வார். ஆங்கில மூலத்தைக் கண்ணாலேயே பார்க்காத ஒருவரைக் கூப்பிட்டு, எங்கள் தமிழை வாயால் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லுவார். புறப்பட்ட சொல்லே திரும்பி வந்தால் முத்திரை. வேறு சொல் வந்தால் மறுபடி முதலிலிருந்து. இதற்குத் ‘திருப்பிப் பார்க்கிறது’ என்று பெயர். இதனால் எங்கள் பிரிவில் வேலை மெதுவாகத்தான் நகரும். தாமதம் என்று மேலேயிருந்து கேட்டால் சார் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வருவார். எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

இனி அந்த வழக்கு.

திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெரிய வியாபாரக் குடும்பம். பெரியவர் பினாங்கில் வட்டிக்கடை வைத்திருந்தவர். அங்கே இருந்த பழக்கத்தில் உயிலை ஆங்கிலத்திலேயே எழுதி வைத்துவிட்டுக் காலமானார். வீடும் அதோடு சேர்ந்த ‘ஏர்லூம்’களும் மூத்த மகன் சொக்கலிங்கத்துக்கு, எடுத்துச் செல்லக்கூடிய மற்ற பொருள்கள் எல்லாம் இளைய மகனுக்கு. உயில் நடைமுறைக்கு வந்த கொஞ்ச நாளில் இளையவர் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவி உமையாள் ஆச்சி. காலேஜில் படிக்கிற ஒரு மகள்.

ஆச்சி திருமயத்தில் வாடகை வீடு பிடித்தார். கல்யாணங்களுக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். மாமனார் வீட்டிலிருந்து வந்த இரண்டு வெண்கல உருளி, அடிகனத்த ஓர் இரும்புச் சட்டி, ஆள் உட்காரும் அளவுக்கு ஓர் அண்டா, இவைதான் அவருடைய முதல். அந்த அளவுப் பாத்திரம் இப்போது வார்ப்பார் இல்லை. சின்னச் சட்டியில் போட்டால் ஒரு கல்யாணத்துத் தேன்குழல் விடிந்தாலும் முடியாது. சட்டி போனால் தொழில் போச்சு, தொழில் போனால் மகள் படிப்பு போச்சு.

சொக்கலிங்கம் வழக்குப் போட்டார். பணத்துக்காக இல்லை, அவரிடம் இல்லாத பணமா! “எங்க வீட்டுச் சட்டி கூலிக்கு வேகுதுன்னு ஊரு பேசுது” என்பதுதான் அவருக்குக் குடைச்சல். பாத்திரங்கள் எல்லாம் வீட்டு ஏர்லூம், உயில்படி எனக்கே சேர வேண்டும் என்பது அவர் வாதம்.

இங்கேதான் கூத்து. அவருடைய வக்கீல் பாதி ஆங்கிலம், பாதி தமிழாக மனுவை வாயால் சொல்ல, குமாஸ்தா எழுதினார். ‘வீட்டோடு சேர்ந்த ஏர்லூம்’ என்று அவர் சொன்னது குமாஸ்தா காதில் ஏர், லூம் என்று இரண்டாக விழுந்தது. ஏர் நமக்குத் தெரிந்ததுதானே, உழுகிற ஏர். தமிழ் மனுவில் ஆங்கிலம் எதற்கு என்று டைப் அடித்தவர் லூமையும் தமிழாக்கிவிட்டார். கடைசியில் கோர்ட்டுக்கு வந்த மனு, ‘வீட்டுக்குச் சொந்தமான ஏரையும் தறியையும் பிரதிவாதி எடுத்துச் சென்றுவிட்டார்’ என்று புகார் சொன்னது.

ஆச்சியின் வக்கீல் விடுவாரா? ‘இது வட்டிக்கடைக் குடும்பம். உழுததும் இல்லை, நெய்ததும் இல்லை’ என்று பதில் மனுப் போட்டார். அப்போதாவது யாராவது மூளையைப் பயன்படுத்தியிருக்கலாம். இல்லை. நேரில் பார்த்து அறிக்கை தர ஓர் இளம் வக்கீலைக் கமிஷனராக அனுப்பினார்கள். அவரும் கோர்ட் அமீனாவும் ஆச்சி வீட்டு வாசலில் போய் நின்று, “ஏர் எங்க இருக்குங்க?” என்று கேட்டிருக்கிறார்கள்.

“ஏரா? அங்கிட்டு வயக்காட்டுல போயித் தேடுங்க தம்பி” என்றாராம் ஆச்சி. “இங்கிட்டு மனகோலப் பலகாரந்தான் இருக்கு. வெயில்ல வந்துருக்கீக, உக்காந்து ரெண்டு சாப்பிட்டுப் போங்க.”

‘ஏரும் இல்லை, தறியும் இல்லை. அடுப்பில் பெரிய பாத்திரங்கள் இருந்தன’ என்று கமிஷனர் எழுதிய அறிக்கையைக் கோர்ட்டில் படித்தபோது வழக்கை விசாரித்த முன்சீப் ஐயாவே வாயைப் பொத்திக்கொண்டார் என்று கேள்வி. மனுவைத் திருத்த அனுமதித்துவிட்டு, இந்தச் சொல்லில்தான் வழக்கே நிற்கிறது என்பதால், உயிலுக்கு அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு வேண்டும் என்று எங்களுக்கு அனுப்பினார்.

தாள் என் மேஜைக்கு வந்தது. ‘பரம்பரைச் சொத்து’ என்று நான் எழுதினேன். தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவார்கள், இன்றைக்கும் சொல்லுவார்கள். சார் திருப்பிப் பார்க்க ஆளைக் கூப்பிட்டார். அவர் எங்கள் தமிழை ஆங்கிலமாக்கினார். ‘ஆன்செஸ்ட்ரல் ப்ராப்பர்ட்டி’ என்று வந்தது. எனக்கு டீ வந்தது.

“அம்மா, பரம்பரைச் சொத்துன்னா சட்டத்துல வேற அர்த்தமுங்க. பொறக்கும்போதே எல்லாருக்கும் பங்கு உண்டுன்னு ஆயிரும், உயில்ல இஷ்டத்துக்கு எழுத முடியாது. நீங்க ஒரு சொல்லைப் போட்டு அந்த உயிலையே கவுத்துட்டீங்க.”

‘குலதனம்’ என்றேன். கோயில் நகை மாதிரி இருக்கிறது என்றார். ‘பழம்பொருள்’ என்றேன். அப்படியென்றால் பழையது எல்லாம் மூத்தவருக்குப் போய்விடும், அந்த வீட்டில் பழையது இல்லாதது எது என்று கேட்டார். எனக்கு எரிச்சல் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. “அப்ப நீங்களே போடுங்க சார்” என்றேன். “எனக்கும் தெரியலைங்க” என்றார். மேலதிகாரி ஒருவர் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டதும் என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மறுநாள் அவர் சொந்த லீவு போட்டுவிட்டுத் திருச்சிக்குப் போனார். ஒரு கல்லூரி நூலகத்தில் தெரிந்தவரைப் பிடித்து, ஆங்கிலச் சொற்களின் பிறப்பு வளர்ப்பு எல்லாம் சொல்லுகிற பெரிய அகராதிகளை எடுத்துவைத்து உட்கார்ந்திருக்கிறார். திரும்பி வந்தபோது சட்டைக் கை முழுக்க நூலகத் தூசி, முகத்தில் மட்டும் கல்யாணக் களை.

“குமாஸ்தாவைப் பாத்து நாம சிரிச்சோமே, அந்த ஆளு பாதி தூரம் சரியான ரோட்டுலதாங்க போயிருக்காரு” என்றார்.

லூம் என்பது ஆதியில் தறி இல்லையாம். பழைய ஆங்கிலத்தில் கையால் எடுத்து வேலை செய்கிற எந்தக் கருவிக்கும் அந்தப் பெயர்தான். உழுகிற ஏரும் லூம், மண்வெட்டியும் லூம், உளியும் லூம். நெசவாளி தன் கருவியை லூம், லூம் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்தப் பெயர் தறிக்கு மட்டும் நின்றுவிட்டது. ஏர்லூம் என்ற கூட்டுச்சொல் மட்டும் பழைய அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. வாரிசுக்குச் சேரும் கருவி. இங்கிலாந்துச் சட்டத்தில் இன்னும் இறுக்கமான அர்த்தம்: தனியாகப் பார்த்தால் தூக்கிக்கொண்டு போகிற சாமான்தான், ஆனால் வழக்கப்படி வீட்டை விட்டுப் பிரியாமல், வீடு யாருக்கோ அவருக்கே போகிற சாமான்.

நான் சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். “அப்பாடா! கருவின்னா ஆச்சி பக்கந்தானே சார்? வேலை செய்யிறவுக அவுகதானே!”

“உக்காருங்க. இன்னும் ஒண்ணு இருக்கு.”

அந்த நாட்டின் வடக்குப் பக்கத்தில் தொட்டி, வாளி, அண்டா போன்ற வாயகன்ற பாத்திரங்களுக்கும் லூம் என்றே பெயர் இருந்திருக்கிறது. பாத்திரம்! வழக்கே பாத்திரத்துக்குத்தான். அது மூத்தவர் கையில் கொண்டுபோய்க் கத்தியைக் கொடுக்கிற மாதிரி.

“இதை யாரு சார் கேட்டா? இதை எழுதாதீங்க.”

“அகராதியில இருக்கேம்மா.”

“அகராதியில ஆயிரம் இருக்கும். நம்மகிட்ட கேட்டது மொழிபெயர்ப்பு. அந்தம்மா வயித்துல அடிக்கவா நீங்க லீவு போட்டுட்டுத் திருச்சி போனீங்க?”

மேலதிகாரியிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுதான். கத்தினேன். பதிலுக்கு டீ வந்தது. நான் தொடவில்லை. ஆறி ஆடை படியும்வரை அது மேஜையிலேயே இருந்தது. சார் ஜன்னல் பக்கம் நின்றபடி சொன்னார்: “ஒரு பக்கத்துக்கு நல்லதை மட்டும் எழுதினா நான் அந்தப் பக்கத்து வக்கீலுங்க. ஆச்சி ஜெயிக்கணும்னு எனக்கும் ஆசைதான். அதனாலதான் ரெண்டையும் எழுதணும். என் ஆசை எனக்கே தெரியுதுல்ல.”

அவர் எழுதிய தமிழ் இதுதான்: ‘வழக்கப்படி வீட்டை விட்டுப் பிரியாமல் வாரிசுக்குச் சேரும் தட்டுமுட்டு.’ அடிக்குறிப்பில் சொல்லின் பிறப்பு, கருவி, பாத்திரம், எல்லாம். ‘தட்டுமுட்டு’ என்ற சொல்லை இன்றைக்கும் நான் வியக்கிறேன். நம் வீட்டில் கருவிக்கும் அதுதான், பாத்திரத்துக்கும் அதுதான். எந்தப் பக்கமும் சாயாத சொல் நம் வாயிலேயே கிடந்திருக்கிறது. அது அவருக்குத்தான் தோன்றியது.

விசாரணையன்று விளக்கம் சொல்ல சாரைக் கூண்டுக்குக் கூப்பிட்டார்கள். நானும் ஓரமாகப் போய் நின்றேன். ஆச்சியை அன்றுதான் முதலில் பார்த்தேன். சுங்குடிச் சேலை, கை முழுக்க எண்ணெய் தெறித்த தழும்பு. பக்கத்தில் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நான் பயந்த மாதிரியே மூத்தவரின் வக்கீல் எழுந்தார். “லூம் என்றால் பாத்திரம் என்றே அர்த்தம் உண்டு என்று உங்கள் குறிப்பிலேயே இருக்கிறதா இல்லையா?”

“இருக்குங்க.”

“அவ்வளவுதான் ஐயா” என்று உட்கார்ந்துவிட்டார். ஆச்சியின் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சாரை முறைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

முன்சீப் ஐயா கேட்டார். “அப்படின்னா பழைய பாத்திரம் எல்லாமே ஏர்லூமா?”

“இல்லைங்கய்யா. பாத்திரமா கருவியாங்கறது பேருக்குள்ள இருக்கிற பழைய கதை. அந்தப் பேரு ஒரு பொருளுக்குப் பொருந்தணும்னா, அது வீட்டை விட்டுப் பிரியாத வழக்கம் இருக்கணும்.”

“இந்தப் பாத்திரங்களுக்கு அந்த வழக்கம் இருந்துச்சா?”

“அது எனக்குத் தெரியாதுங்கய்யா. சொல்லு எங்கிருந்து வந்துச்சுங்கிறதுதான் என் வேலை. சட்டி எங்கெங்க போச்சுங்கிறதை அந்த வீட்டுக்காரவுகளைத்தான் கேக்கணும்.”

இறங்கி வந்துவிட்டார். அடுத்துச் சொக்கலிங்கம் கூண்டில் ஏறினார். வெள்ளை வேட்டி, விபூதி, நிமிர்ந்த மனுஷர். ஆச்சியின் வக்கீல் சுற்றி வளைக்கவில்லை. மரியாதையாகவே கேட்டார்: “உங்க வீட்டுப் பாத்திரங்களுக்கு ஊர்ல நல்ல பேரு உண்டுங்களா?”

“என்ன இப்படிக் கேக்குறீக!” சொக்கலிங்கத்தின் முகம் மலர்ந்தது. “எங்க அப்பச்சி காலத்துல இந்தச் சட்டி போகாத கல்யாணமே சுத்துப்பட்டியில கெடையாது. கேட்டவுகளுக்கு இல்லேன்னு எங்க ஆத்தா சொன்னதே இல்லை. அறந்தாங்கி வரைக்கும் மாட்டு வண்டியில போயிருக்கு. மாசக்கணக்குல வெளியதான் கெடக்கும்.”

சொல்லச் சொல்ல அவருக்குத் தாயார் ஞாபகம் வந்திருக்க வேண்டும். குரல் கம்மியது. எதிரே முன்சீப் ஐயாவின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. மூத்தவரின் வக்கீல் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். வீட்டை விட்டுப் பிரியாத சட்டி இல்லை, வீட்டில் தங்கவே தங்காத சட்டி என்று சொக்கலிங்கமே தன் வாயால் சொல்லியாகிவிட்டது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அதே நேரம் அந்த மனுஷரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பெருமையாகச் சொன்ன ஒரே உண்மை அவரையே சாய்த்துவிட்டது.

தீர்ப்பு அப்படித்தான் வந்தது. சாமி அறையை விட்டு நகராத பெரிய விளக்கும் இரும்புப் பெட்டியும் ஏர்லூம், அவை மூத்தவருக்கு. உருளி, சட்டி, அண்டா எல்லாம் இளையவர் வகையில் ஆச்சிக்கு. தீர்ப்பில் ‘தட்டுமுட்டு’ என்ற சொல் அப்படியே இருந்தது. அதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சார் இரண்டையும் எழுதியதால்தான் அந்தத் தீர்ப்பை மேலே யாரும் அசைக்க முடியாது என்று ஆச்சியின் வக்கீல் பிற்பாடு என்னிடம் சொன்னார். மேல்முறையீட்டுக்குப் போக வழியே இல்லை என்று மூத்தவரின் வக்கீலே சொல்லிவிட்டாராம்.

நகல் வாங்க வந்த அன்று ஆச்சி எங்கள் பிரிவைத் தேடி வந்தார். சாருக்கு ஒரு தூக்கு நிறையச் சீடை. வழக்குச் சம்பந்தப்பட்டவர்களிடம் வாங்கக் கூடாது என்று சார் கையெடுத்துக் கும்பிட்டார். ஆச்சி வற்புறுத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நகலைப் புரட்டினார்.

“இதுல எல்லாத்துலயும் என்னைய ‘காலஞ்சென்றவரின் விதவை’ன்னே போட்டுருக்காக. பேரு ஒரு எடத்துலதான் இருக்கு” என்றார். குறையாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார். பிறகு, “அந்த லூமுக்கு இம்புட்டு ஆராய்ச்சி பண்ணீகளே சார். முன்னாடி இருக்கிற ஏருக்கு என்ன அர்த்தமாம்?” என்று கேட்டார்.

சார் கொஞ்சம் தயங்கினார். “அதையும் பாத்தேன் ஆச்சி. வழக்குக்கு வேண்டாம்னு எழுதலை. ஏர்னா வாரிசு. ஆனா அதுக்கும் அடியில ஒரு வேரு இருக்காம். வெறுமையா விட்டுட்டுப் போறதுங்கிற அர்த்தத்துல. அறிஞர்கள் சொல்றாங்க, முடிஞ்ச முடிவுன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த வேருலயிருந்து லத்தீன்காரன் வாரிசுங்கிற சொல்லை எடுத்துக்கிட்டான், அதுதான் இந்த ஏர். கிரேக்கன் அதே வேருலயிருந்து விதவைங்கிற சொல்லை எடுத்துக்கிட்டான்.”

ஆச்சி நகலை மடித்துப் பைக்குள் வைத்தார். எழுந்தார். மறுநாள் அறந்தாங்கியில் ஒரு கல்யாணம், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

“ஜட்ஜையா என்னைய வாரிசுன்னு இப்பத்தான் எழுதியிருக்காக சார்” என்றார். “அந்தப் பேரு எனக்கு எங்க வீட்டுக்காரக போன அன்னைக்கே வந்துருச்சு.”